கட்டைச் சுவர் வீடு கட்டுவது எப்படி: மரம் காய்வதிலிருந்து பாயிண்டிங் வரை

அடுப்பு விறகு நீளத்துக்கு அறுத்த கட்டைகளைச் சுவருக்குக் குறுக்கே படுக்கவைத்து, இடையில் கலவை போட்டு மேலே ஏற்றிக்கொண்டு போவதுதான் கட்டைச் சுவர். கட்டையின் ஒரு முகம் வீட்டுக்குள் தெரியும், மறுமுகம் வெளியே தெரியும். கட்டை எவ்வளவு நீளமோ, சுவர் அவ்வளவு கனம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதைக் கார்ட்வுட் வீடு என்கிறார்கள். முழுத் தடிகளை நீளவாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டும் மர வீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு நேரான, நீண்ட தடிகள் வேண்டும். தூக்கிவைக்க நாலு பேரோ ஓர் இயந்திரமோ வேண்டும். இதற்குக் கோணல் மரம், துண்டு மரம், பட்டுப்போய் நிற்கும் மரம் எல்லாம் போதும். ஒருவரே தூக்கி வைத்துவிடலாம்.

முறை ஒன்றும் புதிதல்ல. விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே ஜென்னிங்ஸ் என்ற சிற்றூரில் 1899-இல் இப்படிக் கட்டிய மெசிகால்ஸ்கி கடை இன்றும் நிற்கிறது. மளிகை, மதுக்கடை, தங்கும் விடுதி மூன்றும் ஒரே கட்டடத்தில் நடந்த இடம் அது. அதே மாநிலத்தில், போலந்திலிருந்து வந்து குடியேறிய குரூசா குடும்பம் 1884-இல் கட்டிய சிறு வீட்டை ஓல்ட் வேர்ல்ட் விஸ்கான்சின் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். இடையில் மறந்துபோன இந்தக் கட்டுமானத்தை, நகரத்தை விட்டுக் காட்டோரம் குடியேறக் கிளம்பிய இளைஞர்கள் 1970-களில் மறுபடி கையிலெடுத்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு அருகிலுள்ள வெஸ்ட் சேஸியில் எர்த்வுட் என்ற கட்டடப் பள்ளி 1981-இல் தொடங்கி இதைக் கற்றுக்கொடுத்தது. கீழே சொல்லும் கலவை அளவும் அடுக்கும் முறையும் பெரும்பாலும் அந்த வட்டாரப் பழக்கம்தான்.

கலவை குழைப்பதையும் கட்டை அடுக்குவதையும் ஒரு சனி ஞாயிறில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் சுவர் நன்றாக நிற்குமா, கெட்டுப்போகுமா என்பது அதற்கு ஒரு வருஷம் முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த மரத்தை எடுத்தீர்கள், அது எவ்வளவு காய்ந்தது, கூரையில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்ற மூன்றும் சரியாக இருந்தால், கொஞ்சம் கைத்திறமை குறைந்தாலும் சுவர் தாங்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் பெரிய கொத்தனாரால்கூடக் காப்பாற்ற முடியாது. அதனால் இந்தக் கட்டுரையிலும் மரத்துக்குத்தான் அதிக இடம்.

இது எந்த ஊருக்கு?

குளிர்காலம் நீண்டு, கோடை குறுகி, ஊசியிலை மரங்கள் மலிவாகக் கிடைக்கும் ஊருக்கு இது பொருந்தும். விஸ்கான்சின், மின்னசோட்டா, வட நியூயார்க், ஒன்டாரியோ, கியூபெக், நியூ பிரன்ஸ்விக், மனிடோபா ஆகிய இடங்களில் கட்டைச் சுவர் வீடுகள் பரவியதற்கு அதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதுதான் என் பதில். நமக்கு மலிவாகக் கிடைக்கும் சவுக்கு கனத்த மரம். ஈரம் பட்டால் உப்பும். கரையானுக்கு, ஆயிரக்கணக்கான கட்டை முனைகள் வரிசையாகத் தெரியும் சுவரைவிட நல்ல விருந்து கிடையாது. குளிரைத் தடுக்க ஒன்றரை அடி மரம் வைக்க வேண்டிய தேவையும் நமக்கில்லை. நம் ஊருக்கு மண் சுவரும் செம்புரைக்கல்லும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இயற்கை வீடு கட்ட நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போவது நல்லது. ஒன்டாரியோவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ நிலம் வாங்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் இனி வருவது.

நிலம் கையில் இருந்தால் முதல் வேலை உள்ளூர் கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போவது. பல அதிகாரிகள் கட்டைச் சுவரைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அவர்களிடம் 'கூரைப் பாரத்தைத் தூணும் உத்திரமும் தாங்குகின்றன, கட்டைச் சுவர் இடைவெளியை நிரப்பும் சுவர் மட்டும்தான்' என்று காட்டும் வரைபடத்தோடு போனால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். தூண், உத்திரக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்த விஷயம். பொறியாளர் கையெழுத்து கேட்டால் மறுக்காமல் வாங்கிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் வங்கியிடமும் இதே கட்டத்தில் பேசிவிட வேண்டும். சுவர் எழுந்த பிறகு பேசுவது தலைவலி.

வடிவமும் கனமும்

வட்ட வடிவக் கட்டை வீடுகளின் படங்களைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த ஆசையே வருகிறது. வட்டத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அதே சுற்றளவுள்ள சதுரத்தைவிட வட்டத்துக்குள் ஏறத்தாழ 27 விழுக்காடு கூடுதல் இடம் அடங்கும். வளைந்த சுவர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். தூண் இல்லாமலே கூரையைத் தாங்கும்படியும் கட்டலாம். ஆனால் வட்டக் கூரை போடுவது தச்சருக்கே சோதனை. சமையலறை மேடையும் அலமாரியும் வளைந்த சுவரில் ஒட்டி நிற்காது. தவிர, தூண் இல்லாமல் கட்டினால் சுவர் முடியும்வரை கூரை போட முடியாது. அதுவரை மழையில் நனைந்துகொண்டே வேலை நடக்கும். முதல் வீட்டுக்குத் தூணும் உத்திரமும் நிறுத்திய செவ்வகமே போதும் என்பேன். சுவர் தொடங்குவதற்கு முன்பே கூரை வந்துவிடும். அந்த ஒரு வசதிக்காகவே செவ்வகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூலைகளையும் கட்டையாலேயே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கட்டும் மூன்றாவது முறையும் இருக்கிறது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். வேலை அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

சுவரின் கனத்தைக் குளிர்தான் தீர்மானிக்கிறது. சானா என்னும் வெப்பக் குளியல் அறை அல்லது சாமான் கொட்டகைக்கு 8 அங்குலம் போதும். மிதமான குளிருக்கு 12. வட நியூயார்க் மாதிரியான ஊருக்கு 16 அங்குலம் வழக்கமான அளவு. கனடாவின் சஸ்காச்சுவான், மனிடோபா சமவெளிகளில் 24 அங்குலம்வரை போகிறார்கள். சஸ்காச்சுவானில் இரட்டைச் சுவர் முறையும் உண்டு: 8 அங்குலச் சுவர் இரண்டு, நடுவில் 8 அங்குலத்துக்குக் குளிரைத் தடுக்கும் காப்புப் பொருள். வேலை இரண்டு மடங்கு, ஆனால் எந்தக் கட்டையும் உள்ளிருந்து வெளிவரை நீளாததால் கட்டை வழியே குளிர் வர வழியில்லை.

மரம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவோம். அங்கே விறகை 'கார்ட்' கணக்கில் விற்கிறார்கள். 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம் அடுக்கினால் ஒரு கார்ட், அதாவது 128 கன அடி. வீடு 24-க்கு 32 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 112 அடி. சுவர் உயரம் 8 அடி என்றால் பரப்பு 896 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 128 சதுர அடி கழித்தால் மிச்சம் 768. இதை 16 அங்குலக் கனத்தால் பெருக்கினால் 1,024 கன அடி. 128-ஆல் வகுத்தால் 8 கார்ட். அடுக்கில் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் காற்று இடைவெளியைச் சுவரில் கலவை பிடித்துக்கொள்வதால் இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். வெடித்தது, அழுகியது, அளவு தப்பியது என்று ஒதுக்குவதற்கு இன்னும் ஒரு கார்ட் சேர்த்து வாங்குங்கள்.

மரம்

எடை குறைந்த, காற்றோட்டமான நாருள்ள மரம்தான் வேண்டும். முதலிடம் வட வெள்ளை சீடாருக்கு. எளிதில் அழுகாது, குறைவாகவே சுருங்கும், குளிரையும் நன்றாகத் தடுக்கும். அடுத்தது பைன், ஸ்ப்ரூஸ், லார்ச். இலை உதிர்க்கும் மரங்களில் ஆஸ்பெனும் பாப்லரும் நன்றாகக் காய்ந்தால் ஆகும்.

ஓக், மேப்பிள், பீச் போன்ற வைரம் பாய்ந்த மரங்கள் உறுதியானவை, சுவருக்கும் உறுதி தரும் என்று நினைப்பது இயல்பு. இந்த வேலையில் அது தலைகீழ். அடர்ந்த மரம் காய்ந்தபின் மறுபடி ஈரத்தை இழுத்தால் நன்றாக உப்பும். ஒரு கட்டை உப்பினால் கலவையில் விரிசல். வரிசை முழுக்க உப்பினால் சுவர் தூணைத் தள்ளும், உத்திரத்தைத் தூக்கும். சீடாரும் பைனும் செய்யும் தொந்தரவு இதற்கு எதிர்ப்பக்கம்: சுருங்கி, கட்டையைச் சுற்றி மெல்லிய இடைவெளி விடும். இடைவெளியைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம். சாய்ந்த சுவரை ஒன்றும் செய்ய முடியாது. காணியில் ஓக் இலவசமாக நிற்கிறது என்பதற்காக அதை எடுத்துச் சுவரில் வைக்க வேண்டாம். அடுப்புக்கு அதைவிட நல்ல விறகு கிடையாது.

மரத்தை வசந்தகாலத்தில், சாறு ஏறும் நேரத்தில் வெட்டினால் பட்டை சேலை உரிவது மாதிரி இழுத்த இழுப்புக்கு வரும். குளிர்காலத்தில் வெட்டிய மரத்தில் அதே பட்டையைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். எப்படியானாலும் பட்டை முழுக்கப் போயாக வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில்தான் பூச்சி குடியிருக்கும், ஈரம் தங்கும். பட்டையோடு சுவரில் வைத்த கட்டை நாளடைவில் பட்டையை விட்டுக் கழன்று ஆடத் தொடங்கும்.

உரித்த கையோடு சுவர் நீளத்துக்கு அறுத்துவிடுங்கள். மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட அறுத்த முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். 16 அங்குலக் கட்டை நீண்ட தடியைவிட எவ்வளவோ சீக்கிரம் காயும். நீளம் ஒரே சீராக இருக்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சுவரின் முகம் மேடும் பள்ளமுமாகிவிடும். சங்கிலி ரம்பத்தின் பிளேடில் 16 அங்குல அளவுகோல் ஒன்றைப் பொருத்திக்கொண்டால் ஒவ்வொரு கட்டைக்கும் டேப் பிடிக்க வேண்டியதில்லை.

பாதிக் கட்டைகளையாவது பிளந்துவிடுவது என் பரிந்துரை. உருண்டைக் கட்டை சுவரில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் காயும்போது நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு பெரிய வெடிப்பு விழும். அது உள்ளிருந்து வெளிவரை ஓடினால் குளிர்காற்றுக்கு நீங்களே வெட்டிக்கொடுத்த வாய்க்கால் அது. பிளந்த கட்டை சீக்கிரம் காயும், வெடிப்பும் சிறிதாக இருக்கும். உருண்டைகளைக் கண்ணில் படும் இடங்களுக்கு ஒதுக்கிக்கொண்டு, மீதியைப் பிளந்த கட்டையால் நிரப்பலாம். பெரிய வெடிப்புள்ள கட்டையைச் சுவரில் வைக்கும்போது வெடிப்பு கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். மேலே பார்த்தால் அதில் தண்ணீர் நிற்கும்.

காயவைப்பதற்குத் தரையிலிருந்து கட்டைகளைத் தூக்கிவையுங்கள். அடியில் இரண்டு வரிசை மரச்சட்டம் போதும். ஒற்றை வரிசையாக அடுக்கி, வரிசைக்கு வரிசை காற்றுப் போக இடம் விடுங்கள். மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டால் போதும். பக்கங்களையும் சேர்த்துப் போர்த்திவிட்டால் ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சில வாரங்களில் பூசணம் பிடிக்கும்.

எவ்வளவு காலம்? ஊசியிலை மரம் குறைந்தது ஒரு முழு வருஷம் காய வேண்டும். நாட்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஈரமானி ஒன்று வாங்கி, ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் வைத்துப் பாருங்கள். 15 விழுக்காட்டை ஒட்டி வந்திருந்தால் வேலையைத் தொடங்கலாம். வெளிமுகத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாக் கட்டையும் காய்ந்ததாகத்தான் காட்டும். இந்த ஒரு வருஷம் வீணாகப் போகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அனுமதி வாங்கவும் அடித்தளம் போடவும் சட்டம் நிறுத்தவும் அந்தக் காலம் வேண்டும்.

அடித்தளம், சட்டம், கூரை

குளிர் நாட்டில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து விரியும். மேலே இருக்கும் கட்டடத்தைத் தூக்கும். வட நியூயார்க்கில் உறைவு 4 அடி ஆழம்வரை இறங்கக்கூடியது. அதற்குக் கீழே போய் அடித்தளம் போடலாம். அல்லது ஜல்லி நிரப்பிய வாய்க்காலால் தண்ணீரை வடித்துவிட்டு, அதன்மேல் கான்கிரீட் போடலாம். எதுவானாலும் உள்ளூர் விதி என்ன சொல்கிறதோ அதன்படி. கட்டைச் சுவர் எடை கூடியது என்பதைப் பொறியாளரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முதல் கட்டை தரையைத் தொடக் கூடாது. தரை மட்டத்திலிருந்து குறைந்தது ஓர் அடி, முடிந்தால் ஒன்றரை அடி உயரத்துக்குக் கல்லோ கான்கிரீட் பிளாக்கோ வைத்துக் கட்டி, அதன்மேல்தான் சுவர். கூரையின் விளிம்பு சுவரைத் தாண்டிக் குறைந்தது ஒன்றரை அடி வெளியே நீள வேண்டும்; 2 அடி என்றால் இன்னும் நல்லது. கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிப்பதுதான் கீழ் வரிசைக் கட்டைகளுக்கு முதல் எதிரி. நேரடி மழைகூட அதற்குப் பிறகுதான்.

தூண்கள் 8-க்கு 8 அங்குலம் வைப்பது வழக்கம். சுவர் அதைவிட அகலமாக இருந்தால் தூணை உள்முகத்தோடு சேர்ப்பதா, வெளிமுகத்தோடு சேர்ப்பதா, இரண்டு தூண்களை ஒட்டி நிறுத்துவதா என்று வரைபடத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். தூணின் பக்கவாட்டில், கலவை வந்து சேரும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்து வையுங்கள். கலவை அதைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். இல்லாவிட்டால் தூண் காய்ந்து சுருங்கும்போது சுவர்ப் பகுதி தனியாக நிற்கும்.

கதவுக்கும் ஜன்னலுக்கும் சுவரின் முழு அகலத்துக்கு 2 அங்குலப் பலகையில் பெட்டி அடித்து, மூலைமட்டம் பார்த்து, அதன் பக்கங்களிலும் இதேபோல் சட்டம் அடித்துக்கொள்ளலாம். மின்கம்பியைக் குழாய்க்குள் விட்டு, தூணோரமாகவோ தரையோரப் பலகைக்குப் பின்னாலோ கொண்டுபோவது எளிது. வீட்டுக்குள்ளிருக்கும் தடுப்புச் சுவர்களைச் சாதாரண மரச்சட்டத்தில் போட்டு, முடிந்தவரை சுவிட்சுகளை அங்கே கொண்டுபோய்விட்டால் இன்னும் நிம்மதி. தண்ணீர்க் குழாயை வெளிச்சுவரில் வைக்கவே வேண்டாம், உறைந்து வெடிக்கும்.

இத்தனையும் முடிந்து, கூரையும் ஏறிய பிறகுதான் முதல் சட்டி கலவை. பணத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கட்டைச் சுவர் மலிவு. ஆனால் சுவர் என்பது வீட்டின் செலவில் ஒரு பங்குதான். அடித்தளம், கூரை, ஜன்னல், குழாய், மின்சாரம் எல்லாம் எந்த வீட்டுக்கும் ஆகிற அதே செலவுதான். 'விறகு விலையில் வீடு' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கலவை

கன அளவில் மணல் 9 பங்கு, ஊறிய மரத்தூள் 3 பங்கு, சுண்ணாம்பு 3 பங்கு, போர்ட்லேண்ட் சிமென்ட் 2 பங்கு. மண்வெட்டியால் அள்ளிப் போட்டால் ஒரு தள்ளுவண்டிக்குச் சரியாக இருக்கும்.

மரத்தூள் எதற்கு என்றால், கலவையை மெதுவாக இறுக வைப்பதற்கு. ஊறிய தூள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். கலவை அவசரப்பட்டு இறுகினால் சுருங்கி, கட்டைக்குக் கட்டை விரிசல் விழும். காய்ந்த தூளைப் போட்டால் வேலை நேர்மாறாகும். கலவையிலிருக்கும் தண்ணீரை அது குடித்துவிடும். அதனால் முந்தின இரவே ஒரு பீப்பாயில் ஊறவைத்துவிடுங்கள். ஊசியிலை மர அறுவை மில்லின் சொரசொரப்பான தூள் வேண்டும், அரை அங்குலச் சல்லடையில் சலித்தது. தச்சுப்பட்டறையின் மாவு போன்ற தூள் சரிப்படாது, ஓக் தூளும் கூடாது.

சுண்ணாம்பில் ஒரு எச்சரிக்கை. கட்டட வேலைக்கான நீற்றிய சுண்ணாம்புத் தூள், அங்கே டைப் எஸ் என்று மூட்டையில் போட்டிருக்கும், அதுதான் வேண்டும். வயலுக்குப் போடும் சுண்ணாம்பு மூட்டை பாதி விலையில் பக்கத்திலேயே இருக்கும். அது வெறும் சுண்ணாம்புக்கல் தூள், இறுகவே இறுகாது.

உறுதி கூடட்டும் என்று சிமென்டை அதிகமாகப் போடுவதும் வேண்டாத வேலை. மரம் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். அதோடு சேர்ந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற கலவைதான் பொருத்தம். கல்லாக இறுகினால் வெடிக்கும்.

உலர்ந்த பொருட்களைத் தூளோடு சேர்த்து நன்றாகப் புரட்டிவிட்டு, தண்ணீரைக் கடைசியில் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். ஊறிய தூளிலேயே தண்ணீர் இருப்பதால் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் வேண்டியிருக்கும். கையில் ஓர் உருண்டை பிடித்து, 3 அடி உயரம் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் போதாது, கையில் பரவி வழிந்தால் அதிகம். உருண்டை உருண்டையாகவே திரும்பி வந்தால் பதம்.

ரப்பர் கையுறை இல்லாமல் இந்தக் கலவையைத் தொட வேண்டாம். சுண்ணாம்பும் சிமென்டும் தோலை அரித்துவிடும். அன்றைக்குத் தெரியாது, மறுநாள் விரல் நுனி வெடித்து எரியும்போதுதான் தெரியும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சுவரின் இரண்டு ஓரத்திலும்தான் கலவை; நடுவில் குளிரைத் தடுக்கப் போடும் காப்புக்கு, உலர்ந்த மரத்தூள் 12 பங்கு, அதே சுண்ணாம்பு 1 பங்கு. சுண்ணாம்பு பூச்சியையும் பூசணத்தையும் அண்டவிடாது. எப்போதாவது ஈரம் புகுந்தால் தூளோடு சேர்ந்து கெட்டியாகி, தூள் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ளும்.

சிமென்டே வேண்டாம் என்பவர்கள் களிமண், மணல், வைக்கோல் குழைத்த மண் கலவையில் கட்டைகளை வைக்கிறார்கள். இயற்கைக்கு அது இன்னும் நெருக்கம், சரிசெய்வதும் எளிது. மழைச்சாரல் அடிக்காத, கூரை நன்றாக வெளியே நீண்ட சுவருக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

அடுக்குதல்

வரிசை எப்போதும் ஒன்றே: கலவை, காப்பு, கட்டை. திரும்பவும் கலவை, காப்பு, கட்டை.

16 அங்குலச் சுவர் என்றால், அடிமேடையின் மேல் உள்ளோரமாக 5 அங்குல அகலத்துக்கு ஒரு கலவைப் பட்டை, வெளியோரமாக 5 அங்குலத்துக்கு இன்னொன்று. நடுவிலுள்ள 6 அங்குலத்தில் காப்புத் தூள். கலவைப் பட்டையின் கனம் ஓர் அங்குலம் இருக்கட்டும். அதன்மேல் கட்டையை வைத்து, லேசாக முன்னும் பின்னும் அசைத்து அழுத்துங்கள். சுத்தியலால் தட்ட வேண்டியதில்லை. அடுத்த கட்டை ஓர் அங்குலம் தள்ளி. முதல் வரிசை முடிந்ததும் கட்டைகளின் மேடு பள்ளத்தைத் தழுவியபடி இரண்டு ஓரமும் கலவை போடுங்கள். பிறகு நடுப்பள்ளத்தில் தூளை நிரப்புங்கள். ஒரு தகர டப்பாவின் வாயை மூக்கு மாதிரி வளைத்துக்கொண்டால் கலவைமேல் சிந்தாமல் கொட்டலாம். எல்லா இடைவெளியிலும் தூள் இறங்க வேண்டும். காலியாக விட்ட ஒவ்வோர் இடமும் குளிர்காலத்தில் கையை வைத்தால் தெரியும்.

உள்ளிருந்து வெளிவரை கலவை ஒரே பாலமாக ஓடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். அப்படி ஓடினால் குளிர் நேராக உள்ளே வரும். அவசரத்தில் நடுவிலும் கலவை விழுந்தால் உடனே வழித்தெடுத்துவிடுங்கள்.

அடுத்து எந்தக் கட்டை என்பதை முந்தின வரிசை சொல்லும். இரண்டு கட்டைகள் சேருமிடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் உட்காரும் அளவுக் கட்டையைத் தேடி எடுங்கள். புதிதாக வருபவர்கள் முதலில் பெரிய கட்டைகளையெல்லாம் வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள். மேலே போனால் சிறு கட்டைதான் மிஞ்சும், சுவர் இரண்டு வேறு ஆட்கள் கட்டியதாகத் தெரியும். பெரியது, சிறியது, உருண்டை, பிளந்தது என்று குவியல்களாகப் பிரித்துவைத்துக்கொண்டு, எல்லாவற்றிலிருந்தும் மாறி மாறி எடுங்கள். கலவை இணைப்புகள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி ரசமட்டத்தை வைத்து உள்முகம் தூக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நீளத்தில் சிறு பிசகு இருந்தால் அது வெளிமுகத்துக்குப் போகட்டும்.

கண்ணாடி பாட்டில் வைக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டு பாட்டில்களின் வாயை எதிரெதிரே சேர்த்து, மெல்லிய அலுமினியத் தகட்டால் சுற்றிக் கட்டினால் 16 அங்குலத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டை தயார். வெளிப்பக்கம் நிறமில்லாத பாட்டில், உள்பக்கம் நீலமோ பச்சையோ. தகடு வெளிச்சத்தை உள்ளே தள்ளும். காலை வெயில் படும் சுவரில் ஏழெட்டு வைத்தால் அழகு. சுவர் முழுக்க வைத்தால் சோடாக்கடை.

ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று வேலை செய்வது நல்லது. உத்திரத்தை நெருங்கும் கடைசி வரிசை எல்லோரையும் படுத்தும். மேலிருந்து தூள் கொட்ட முடியாது. ஒரு பக்கக் கலவையை முதலில் அடைத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து தூளைத் திணித்து, அப்புறம் அந்தப் பக்கத்தை அடைக்க வேண்டும். மெல்லிய, தட்டையான கட்டைகளை இதற்கென்றே தொடக்கத்திலிருந்து சேர்த்துவையுங்கள்.

பாயிண்டிங்

கலவை சற்று இறுகியதும், அன்றைக்கே, இணைப்புகளைத் தேய்த்து மெழுக வேண்டும். சாப்பாட்டு மேசையில் வெண்ணெய் தடவும் பழைய கத்தியை எடுத்து, நுனியை லேசாக வளைத்துக்கொண்டால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. கலவையைக் கட்டை முகத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே போகும்படி அழுத்தித் தேய்க்கவும். கட்டை முகங்கள் சற்றுத் துருத்திக்கொண்டு தெரியும். பார்வைக்கும் நல்லது, அழுத்திய கலவை கட்டையோடு நன்றாகப் பிடிக்கும், தண்ணீரும் வழுக்கிக்கொண்டு ஓடும். இந்த வேலை அடுக்குவதற்கு ஆகும் அளவுக்கே நேரம் எடுக்கும். மாலை 4 மணிக்கு மேல் புதிதாகக் கலவை குழைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். இல்லையென்றால் டார்ச் வெளிச்சத்தில் நின்று மெழுகிக்கொண்டிருப்பீர்கள்.

முடிந்த பகுதியை நேரடி வெயிலும் காற்றும் படாமல் நனைத்த சாக்கால் சில நாட்கள் மூடிவையுங்கள். எவ்வளவு மெதுவாகக் காய்கிறதோ அவ்வளவு விரிசல் குறையும். இறுகாத கலவை உறையக் கூடாது என்பதால் இரவுக் குளிர் உறைநிலைக்கு இறங்கும் மாதங்களில் வேலையை நிறுத்திவிட வேண்டும். வட நியூயார்க்கில் வேலை செய்யும் காலம் உறைபனி முடியும் மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வீடு ஒரே கோடையில் முடியாவிட்டால் பரவாயில்லை. கூரைதான் இருக்கிறதே, மீதிச் சுவரைத் தார்ப்பாயால் மூடிவிட்டு அடுத்த வருஷம் தொடரலாம்.

இதையெல்லாம் வீட்டில் சோதித்துப் பார்க்காமல், முதலில் 8 அங்குலச் சுவரில் ஒரு விறகுக் கொட்டகையோ சானா அறையோ கட்டுங்கள். கலவைப் பதம் கைக்கு வருவதும், உங்கள் மரம் எவ்வளவு சுருங்குகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் குளிர்காலத்துக்குப் பிறகு

வீட்டுக்குள் அடுப்பு எரியத் தொடங்கியதும் கட்டைகள் இன்னும் கொஞ்சம் காயும். கட்டையைச் சுற்றிக் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். பயப்பட வேண்டாம். உடனே அடைக்கவும் வேண்டாம். இன்னும் சுருங்க வேண்டியது பாக்கியிருக்கும்போது அடைத்தால் மறுபடி பிரியும். ஒரு குளிர்காலமாவது முழுசாகப் போகட்டும். அதன்பின் காற்று வரும் இடங்களைப் பார்த்து, மர வீடுகளுக்கென்றே விற்கும் இழுபடும் தன்மையுள்ள பெர்மா சிங்க் போன்ற அடைப்பானைப் பூசுங்கள். பெரிய வெடிப்புகளில் காப்புப் பஞ்சைத் திணித்துவிட்டு மேலே அடைப்பான். காற்றுள்ள நாளில் ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக நகர்த்தினால் எங்கே கசிகிறது என்று புகை காட்டிவிடும்.

வார்னிஷோ பெயின்டோ கட்டை முகத்தில் அடிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அடிக்காதீர்கள். கட்டை நனைந்தாலும் அறுத்த முனை வழியாகத்தான் மறுபடி காய்கிறது. அந்த வாயை அடைத்துவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வராமல் நாரை அழுக வைக்கும். வெளிமுகம் வெயிலில் சாம்பல் நிறமாக மாறும், அது கெடுதல் அல்ல. உள்முகத்தின் நிறம் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். வருஷம் ஒருமுறை கீழ் வரிசைக் கட்டைகளைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் முதலில் கூரை விளிம்பையும் மழைநீர்க் குழாயையும் சரிசெய்யுங்கள், பிறகு கட்டையைச் செதுக்கி எடுத்து வேறொன்றை வைக்கலாம். சுவரையொட்டிப் பூச்செடி வளர்ப்பதும், பனியைக் குவித்துவைப்பதும், விறகை அடுக்குவதும் கூடாது.